அறுபத்து மூன்று தடவை செல்ப் அடித்தும் புறப்படாத அம்பாசிடர் குறித்து

நாகலாபுரம்,
20-5-81, புதன்கிழமை, மாலை 4 மணி 50 நிமிடம்.
இந்த நிமிடம் வரை செல்ப் அடித்தது 63 தடவை. ஹாண்டில் போட்டுச் சுற்றியது 41. ஆள் வைத்துத் தள்ளியது 3. வண்டி ஓடியது 0.

மணியாச்சியில் ரயில்வே சரளைக் கான்ட்ராக்ட் பார்த்துவரும் பெரியப்பா சோலைச்சாமி அவர்களுக்கு, தம்பி மகன் பூவனநாதன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே பெரியம்மா சுகம், தங்கச்சி சந்தனமாரி சுகம், மாடு இரண்டும் சுகம், கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் நின்றுவிட்டது. தங்கள் அம்பாசிடர் ஒன்றுக்குத்தான் சுகமில்லை. தங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும் என்று கேட்பது முறை. ஆனால் அந்தப் பதில் வந்து சேர்வதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் மணியாச்சியில் ரயிலை விட்டு இறங்குவார்கள், நம்ம சொந்த வண்டியில் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சந்தனமாரியைக் காட்டவேண்டும், 'சொந்த வண்டி' என்று அவர்களிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது என்று தாங்கள் எழுதிய கடிதம் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் 'காட்டுக்குள்ளே கிடக்கிற ஊர், போக வர வழியில்லை' என்று சொல்லிக் கைகழுவிய இடம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் கோவில்பட்டி டிராக்டர் கம்பெனியில் வெள்ளிக்கிழமை வரை ஐந்து நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். தாங்கள் 'புதூர் வேல்சாமியைக் கூப்பிட்டுக் காட்டு' என்று எழுதியதற்கு, 'லாரிக்கு கிரீஸ் அடிக்கிறவர் எதற்கு, ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்தவன் நான் இருக்கிறேன்' என்று பதில் போட்டதும் நான்தான். அதை நான் மறுக்கவில்லை.

எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது ஒரே விதி. பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டியது மூன்று: பெட்ரோல், நெருப்பு, காற்று. மூன்றும் உள்ளே போனால் ஓடியே தீரவேண்டும். திங்கட்கிழமை பேட்டரியைக் கோவில்பட்டியில் சார்ஜ் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், ஆசிட் சிந்தி பேண்டில் எட்டணா அகலத்துக்கு ஓட்டை, அது போகட்டும், மாட்டிச் சாவி போட்டால் இன்ஜின் ஜோராகச் சுற்றுகிறது, சுற்றுகிறது, ஒரே ஒரு தடவை இருமுகிறது, நின்றுவிடுகிறது. சரி, நெருப்பு இல்லையோ என்று பிளக் நாலையும் கழற்றினேன், ஒன்றை வயரோடு இன்ஜின் பிளாக்கில் முட்டவைத்துச் சந்தனமாரியைச் சாவி திருப்பச் சொன்னேன், நீலப் பொறி டக் டக்கென்று அடிக்கிறது. பாயிண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயிற்று. பெட்ரோல்தான் பழசோ என்று அதை வடித்துவிட்டு, விளாத்திகுளம் போய்க் கேனில் புதுசு வாங்கிவந்து ஊற்றினேன். கார்பரேட்டரைப் பிரித்து ஊதினேன், ஊதவேண்டிய இடத்தில் உறிஞ்சிவிட்டேன், அதிலிருந்து எது சாப்பிட்டாலும் பெட்ரோல் ஏப்பம். ஏர்கிளீனரைத் திறந்தால் அரைப்படி கரிசல் புழுதி, அதையும் தட்டியாயிற்று. மூன்றும் சரி. வண்டி மட்டும் சரியில்லை.

ஆட்டுக்கார நல்லக்கண்ணு மந்தையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "இஞ்சினீரே, காளியாத்தாளுக்கு எலுமிச்சம்பழம் வைக்காம செட்டுக்குள்ள விட்ட வண்டி இது. அவ பிடிச்சிக்கிட்டு நிக்கா" என்றார்.

"பிடிச்சிருந்தா சுத்தவே கூடாதுல்லா. சுத்துதே" என்றேன்.

"முன்னால பிடிச்சா நீரு பாத்துருவீரே. பின்னால பிடிச்சிருப்பா."

இப்படிப்பட்ட ஊரில் விஞ்ஞானம் எங்கே உருப்படும், தாங்களே சொல்லுங்கள்.

பெரியம்மாவைப் பற்றியும் ஒரு புகார் உண்டு. சித்திரையில் நிலம் வெடித்ததும், காட்டிலிருந்து ஒரு சாரை வந்து அங்கணத்துக் குழி வழியாக அடுப்படிக்குள் புகுந்துவிட்டதாம். அன்றிலிருந்து கரிசல் மண்ணையும் சாணியையும் பிசைந்து கண்ணில் பட்ட பொந்தையெல்லாம் அடைத்துவைத்திருக்கிறார்கள். எலிவளை அடைத்தது நியாயம். சுவரில் ஆணி பிடுங்கிய குழியில் எந்தப் பாம்பு போகும்? ரேடியோப் பெட்டியின் முதுகில் இருந்த ஓட்டைகளைக்கூட அடைத்திருக்கிறார்கள், செய்தி வாசிக்கிறவர் போர்வைக்குள்ளிருந்து பேசுகிறார். அடைத்த ஒவ்வொன்றின்மேலும் மூன்று விரலால் திருநீறு வேறு. நேற்றுக் குளித்தேன், அங்கணத்துத் தண்ணீர் வெளியே போகவில்லை, கரண்டைக்கால் முங்க என் அழுக்கிலேயே நான் நின்றேன். இத்தனையும் செய்துவிட்டு, நான் வேலை பார்க்கும்போது பக்கத்தில் வந்து நின்று பேச்சுக் கொடுக்கிறார்கள்.

"ஏலே பூவா, அந்த வண்டிக்குப் பின்னால..."

"பெரியம்மா, இன்ஜின் முன்னால இருக்கு."

"அது தெரியும்லே. நான் சொல்லுதது என்னன்னா..."

"என்னை வேல பாக்க விடுதீங்களா?"

"சரிய்யா, நீ பாரு. நமக்கு என்ன தெரியும், நீ படிச்ச புள்ள."

இவ்வளவும் போதாதென்று நேற்றுச் சாயங்காலம் புதூர் வேல்சாமி யாரும் கூப்பிடாமலே சைக்கிளில் வந்துசேர்ந்தார். ஒரு ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்று பீடி குடித்தார், நான் ஒன்பது தடவை செல்ப் அடித்ததையும் வேடிக்கை பார்த்தார், அப்புறம் சொல்கிறார்: "தம்பி, பிடிக்கலைன்னா சரி. கரும்புகையோ வெறும்புகையோ, சொட்டு காத்துகூட வரலையே. மூச்சு எங்க போவுது?"

"அண்ணாச்சி, பத்தினாத்தான் புகை வரும். பத்தலை, அதனால வரலை. காரணத்தையும் விளைவையும் போட்டுக் குழப்பாதீங்க."

"அப்படியா? எனக்குத் தெரிஞ்சது லாரி. அது முன்னால திங்கும், பின்னால கழியும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அவரை இனி வண்டிப் பக்கம் அண்டவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை எட்டுப் பேரை வைத்துக் கண்மாய்க்கரைச் சரிவில் தள்ளினோம். மூன்று தடவையும் அடிவரை போய் இருமிவிட்டு நின்றது. மூன்று தடவையும் தங்கள் மாடு இரண்டையும் பூட்டித்தான் மேலே இழுத்து வந்தோம். சொந்த வண்டியைச் சொந்த மாடு இழுத்துக்கொண்டு வந்ததை ஊரே பார்த்தது. நல்லக்கண்ணுவின் ஆடுகளும் பார்த்தன.

சந்தனமாரி அதுவரை கூடவே சாவி திருப்பிக்கொண்டிருந்தவள், மத்தியானம் கூழ் கொண்டுவந்து வைக்கையில் கேட்டாள். "அண்ணே, வண்டி வராட்டா அவிய பஸ்ஸுல வரட்டும். பஸ்ஸுல ஒரு தடவ வர மாட்டாவன்னா, நாளைக்கு நான் அம்மாவப் பாக்கணும்னா எதுல வருவேன்?"

கூழைக் குடித்துவிட்டு மறுபடி பானெட்டைத் திறந்தேன். சோதிக்க மிச்சமில்லை. ஆகவே என் முடிவு: கோளாறு வெளியே இல்லை, உள்ளே. டைமிங் செயின் தேய்ந்திருக்கும், வால்வு கருகியிருக்கும். இன்ஜினை இறக்கிப் பிரிக்கவேண்டும், பன்னிரண்டு நாள் பிடிக்கும். உண்மையைச் சொன்னால், இந்த வண்டியை இரும்பு விலைக்குப் போடுவதே மரியாதை. தாங்கள் உடனே திருநெல்வேலியில் ஒரு டாக்சிக்குச் சொல்லிவிடுங்கள். சொந்த வண்டி சர்வீசுக்கு மதுரை போயிருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். நான் பொய் சொல்பவன் அல்ல, தாங்கள்தான் சொல்லவேண்டும்.

தங்களுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிக்கவும் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளவும். தாங்கள் உப்பைக் குறைத்து, வெயிலில் நிற்காமல், நீண்ட நாள் இருந்து எங்களை ஆசீர்வதிக்கவேண்டும்.

கீழ்ப்படிந்த மகன்,
பூ. பூவனநாதன், டி.ஏ.இ.

பின்குறிப்பு, மாலை 5 மணி 45 நிமிடம்: மேலே கையெழுத்துப் போட்டது வண்டி டிக்கியின்மேல் பேப்பரை வைத்துத்தான். போட்டு முடித்ததும் பேனா மூடி உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். சைலன்சர் குழாயின் வாயைக் காணவில்லை. இருக்கவேண்டிய இடத்தில் கரிசல் மண் வழவழவென்று பூசிக் காய்ந்து கிடந்தது. அதன்மேல் மூன்று விரல் திருநீறு.

"பெரியம்மா" என்றேன். வந்தார்கள்.

"இது என்ன?"

"பொந்து. பாம்பு போய் உள்ள முட்டையிட்டா யாருலே எடுப்பா? அதான் அடைச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மூணு நாளாச் சொல்ல வாரேன். நீதான் இன்ஜின் முன்னால இருக்குன்ன."

கரிசல் மண் காய்ந்தால் சிமெண்டு. திருப்புளியும் சுத்தியலும் வைத்து இருபது நிமிடம் கொத்தினேன். அதற்குள் வேல்சாமி மறுபடி சைக்கிளில் வந்து, நேற்று நின்ற அதே இடத்தில் நின்றார். அறுபத்து நாலாவது தடவை செல்ப் அடித்தேன். படீரென்று மிச்ச மண் மொத்தமும் பறந்துபோய் அவர் வேட்டியில் அப்பியது. இன்ஜின் நிற்காமல் ஓடுகிறது. அவர் வேட்டியை உதறவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "கழிஞ்சிட்டு" என்றார்.

இனி நான் செய்யப்போவது:

1. ஆறு மணி பஸ் வரப்போகிறது. வீட்டில் வேறு பேப்பர் இல்லை. அதனால் இதே கடிதத்தைத்தான் கண்டக்டர் பெருமாள்சாமியிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். மேலே வண்டி ஓடாது என்று எழுதிய இடமெல்லாம் ஓடும் என்று படித்துக்கொள்ளவும். இரும்பு விலை என்ற வரியைப் படிக்கவே வேண்டாம்.

2. டாக்சிக்குச் சொல்லவேண்டாம். இந்தப் பின்குறிப்பைப் படிக்குமுன்னே சொல்லிவிட்டிருந்தால், ஓடிப்போய் வேண்டாம் என்று சொல்லவும்.

3. நாளைக் காலை வேல்சாமி அண்ணாச்சியை முன்சீட்டில் வைத்துப் புதூர் வரை ஓட்டிக் காட்டப் போகிறேன். அவர் என்ன சொன்னாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஒரு வேட்டியும் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

4. வண்டியில் வேறு எதையெல்லாம் அடைத்தீர்கள் என்று பெரியம்மாவிடம் கேட்கப் போகிறேன். கேட்டுவிட்டேன். பெட்ரோல் டாங்கி மூடியில் காற்று போக ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், அதையும் அடைத்திருக்கிறார்கள். அது எறும்புக்காம். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரோடு பாதி வழியில் நின்றிருப்போம்.

5. அங்கணத்துக் குழியைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போகிறேன்.

6. எங்கள் வாத்தியாருக்கு ஒரு கார்டு போடப் போகிறேன். மூன்றும் உள்ளே போனால் மட்டும் போதாது, நாலாவதாக ஒன்று வெளியேயும் போகவேண்டும் என்று.

7. வெள்ளிக்கிழமை காலை ரயில் வருவதற்கு அரைமணி முன்னதாக வண்டி மணியாச்சி ஸ்டேஷன் வாசலில் நிற்கும். இன்ஜின் ஓடிக்கொண்டேதான் நிற்கும். போக வர வழியுண்டா என்று அவர்கள் கேட்டால் அந்தச் சத்தத்தைக் கேட்கட்டும். தாங்கள் மட்டும் அணைக்கச் சொல்லிவிடாதீர்கள்.