பிள்ளையார் வயிற்றில் ஒரு நாவல் கன்று

பிள்ளையார்பாளையம்,
ஐப்பசி மாதம், மழை நாள்.

சௌபாக்கியவதி மகள் காந்தாவுக்கு உன் அப்பா தணிகாசலம் மனதார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் நான் சௌக்கியம். பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று உன் கடிதத்தில் கண்டு சந்தோஷம். வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு எல்லம்மாளிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே வந்து இருந்துவிடும்படி எழுதியிருந்தாய். வர முடியாது அம்மா. ஏன் என்று கேட்டால் அது ஒரு பெரிய கதை, இந்த இன்லண்டு லெட்டரில் இடம் போதுமோ என்னவோ.

நீ ஆனியில் வந்து போனபின் சாயங்காலம் தறியை விட்டு எழுந்தால் பேச ஆளில்லை. சுவரோடு பேசினால் தெருவில் வேறு மாதிரி நினைப்பார்கள். செடி வைத்தால், தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் நாலு வார்த்தை திட்டலாமே என்று யோசனை வந்தது. நம் ஊர்ப் பழமாக இருக்கட்டும் என்று நாவற்கொட்டை வாங்கப் போனேன். பழக்கடை ஷபியுல்லா பாய், “பழத்தைத் தின்னுட்டுக் கொட்டைய துப்புறவங்களைத்தான் பார்த்திருக்கேன், கொட்டைய மட்டும் கேக்குற ஆளு நீதான்பா” என்று சிரித்து ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான்தான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே. சாயம் தோய்த்த பட்டு நூலை உலர்த்துவதுபோல் அதை நிழலில் ஒரு மாதம் உலர்த்தி, ஜரிகைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, அப்புறம் விதைத்தேன். நாவற்கொட்டை காய்ந்தால் செத்துப்போகும் என்று யார் கண்டார்கள்? ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்து விளாம்பழ விதை. அது பிழைத்து முளையும் விட்டது. சந்தோஷம் தாங்காமல், தறியில் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போட்டு மிஞ்சிய கஞ்சியை ஊட்டமாக இருக்குமென்று அதன் தலையில் ஊற்றிவிட்டேன். மறுநாள் காலையில் ஊரிலுள்ள எறும்பெல்லாம் என் தொட்டியில் கல்யாணம் நடத்திக்கொண்டிருந்தன, முளை போன இடம் தெரியவில்லை. எல்லம்மாள் எட்டிப் பார்த்து, “இன்னாண்ணா, செடிக்குப் போய் கஞ்சி ஊத்திக்கினு இருக்கிறே? அது இன்னா பாவா, வெறைச்சுக்கினு நிக்கிறதுக்கு?” என்றாள். அன்றைக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பதே அவளுக்கு வேலையாகப் போயிற்று.

இதற்குள் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. வழக்கம்போல மண் பிள்ளையாரும் காகிதக் குடையும் வாங்கி வந்தேன். விளாம்பழம், நாவற்பழம் எல்லாம் படைத்தேன். தொப்புளில் காசு பதிக்கவேண்டுமே! அது என்றைக்கும் உன் அம்மா வேலை. அவளுக்குப் பின்னால் உன் வேலை. மடியைத் தடவிப் பார்த்தேன், சில்லறை இல்லை. கற்பூரமோ எரிந்து முடியப் போகிறது. அவசரத்தில் கைக்கு அகப்பட்ட ஒரு நாவற்பழத்தை அழுத்திவிட்டேன். அவரும் அதைத் தொப்புளில் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் கிணற்றில் போடத் தூக்கினேன். நீ பலகையோடு சுமந்து போவாய், நான் பின்னால் மணி அடித்துக்கொண்டு வருவேன். இப்போது சுமப்பதா, மணி அடிப்பதா? அதுவுமில்லாமல், வீட்டில் எனக்குத் துணையாக இருக்கிற ஒரே ஆளையும் கிணற்றில் தள்ளுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. தோட்டத்தில் துவைக்கிற கல் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டேன்.

புரட்டாசி மழையில் அவர் ஊறி ஊறி இளகினார். ஒருநாள் எல்லம்மாள் போட்ட கூச்சலில் தறியில் இருந்தவன் விழுந்தடித்து ஓடினேன். “அண்ணா, பிள்ளையாரு வயித்துல மரம் மொளைச்சுக்கினு இருக்குது! குடுத்து வெச்சவன் நீ!” பார்த்தால், ஒரே கொட்டையிலிருந்து இரண்டு தளிர், செக்கச் செவேலென்று. தெருவே திரண்டு வந்தது. கற்பூரம் என்ன, மஞ்சள் குங்குமம் என்ன! நம் வீட்டில் அத்தனை செருப்பை வாசலில் பார்த்து எத்தனை நாளாயிற்று. காசுக்குப் பதில் நான் வைத்த பழம்தான் அது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கூட்டம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். அப்புறம் தீபாவளிச் சேலை வேலை வந்தது, அவரவர் தறிக்குப் போய்விட்டார்கள். இப்போது பிள்ளையாரும் நானும் செடியும்தான்.

நீயே சொல், இதை விட்டு எப்படி வருவேன்? எல்லம்மாள் தண்ணீர் ஊற்றுவாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் திட்டமாட்டாள். அதுக்குத் திட்டு வாங்கியே பழக்கமாயிடுச்சு அம்மா. செடியைப் பிடுங்கினால் பிள்ளையார் வயிறு கிழியும், ஊர் என்னைக் கிழிக்கும். ஆகையால் என்னை எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறைச்சலுமில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். இருவரும் குறைவில்லாமல், சிரித்த முகமாய் நீடூழி வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தணிகாசலம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது பெரிய மழை பிடித்துக்கொண்டது. குடையோடு ஓடிப் பார்த்தேன். பிள்ளையார் முழுக்கக் கரைந்துவிட்டார், தும்பிக்கை இருந்த இடம்கூடத் தெரியவில்லை. அந்த மண்ணில் செடி மட்டும் நிற்கிறது. எல்லம்மாள் மதில்மேல் எட்டிப் பார்த்து, “அவுரே கெளம்பிட்டாரு. நீ யாருக்குக் காவலு? கெளம்புண்ணா” என்றாள். செடியை மண்ணோடு அள்ளி டால்டா டின்னில் வைத்துவிட்டேன். உங்கள் வீட்டு ஜன்னலில் வெயில் வருமா? செடிக்காகத்தான் கேட்கிறேன். ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொள்வேன்.