மூன்று விளமீன் குறைகிறது

அந்தத் திங்கட்கிழமை வளன் கொரேரா தன் மனைவியைக் கேட்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இது முதல் தடவை. கையெழுத்து கோணிக்கொண்டு போனது. பேனாதான் சரியில்லை என்று பிற்பாடு சாதித்தார்.

தூத்துக்குடியில் வளனிடம் ஒரு படகு இருந்தது. கப்பல் கேப்டன்களும் மில் மேனேஜர்களும் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வந்து ஏறுவார்கள். கடலுக்குள் முத்துப்பார் வரை போய்ப் பொழுதுபோக்காக மீன் பிடித்துத் திரும்புவார்கள். யார் ஏறலாம், எத்தனை மணிக்குக் கரை திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் குசினியில் அடுப்பு முன்னால் நின்றபடியே மனைவி அமலோற்பவம் முடிவு செய்வாள். சுக்கான் மட்டும் வளன் கையில்.

எழுபத்தைந்தாம் வருடம் மீன் ஆராய்ச்சி அதிகாரி தேவபிரசாதம் வந்து சேர்ந்தார். தூண்டிலில் பிடித்துத் திரும்பக் கடலில் விடுகிற மீன் பிழைக்கிறதா, சாகிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு வளனுடையது போன்ற படகுதான் தோது. இரண்டு மாத வாடகைக்கு வேண்டும். மீனைப் பிடிக்க வேண்டும், அளக்க வேண்டும், முயல்தீவுப் பக்கம் மிதக்கும் வலைக்கூட்டில் போட்டுத் தினமும் எண்ண வேண்டும். ஐந்தாம் நாள் உயிரோடிருப்பதைக் கடலில் விட்டுவிட வேண்டும். ஒன்றுகூடக் கரைக்கு வரக்கூடாது.

கையெழுத்துப் போட்ட கையோடு வளன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

“ஏளா, படகைச் சர்க்காருக்கு விட்டாச்சு.”

“யாரைக் கேட்டு விட்டீங்க?”

“என்னைக் கேட்டு.”

“அந்த மனுசன் சரின்னுட்டாராக்கும்?”

வளன் அசரவில்லை. “மீனைப் பிடிக்கணும், விடணும். அம்புட்டுதான் சோலி.”

“விடுததுக்கு எதுக்குப் பிடிக்கணும்?”

“மீனு பொழைக்குதான்னு பாக்கதுக்கு.”

“மீனு பொழைக்கது கெடக்கட்டும். நம்ம பொழைப்பு? வீட்டுக்கு ஒரு மீனாவது வருமா?”

“வராது. அரசாங்கச் சட்டம்.”

“அப்ப வீட்டுச் சட்டத்தையும் கேட்டுக்கிடுங்க. படகு வச்சிருக்க மனுசன் மீன் கொண்டாராத வரைக்கும் நான் சந்தைல மீன் வாங்க மாட்டேன்.”

“வாங்காத! ரெண்டு மாசமும் பூசணிக்காயைத் தின்னே இருப்பேன். யாருன்னு நெனைச்ச என்னை?”

வாயை விட்டிருக்கக் கூடாது. மறுநாள் பூசணிக்காய்க் கூட்டு. அதற்கு மறுநாள் பூசணிக்காய்ப் புளிக்குழம்பு. பிறகு பொரியல், பச்சடி, துவையல். வெள்ளிக்கிழமை காப்பியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். ஆனாலும் ஒரு வார்த்தை முனகவில்லை. “இன்னும் கொஞ்சம் போடு” என்று கேட்டு வாங்கித் தின்றார். வீம்பு அப்படி.

கடலில் அவர் ராஜா. சுருட்டுப் பிடித்தார். சத்தமாகப் பாடினார். திரும்புகிற நேரத்தைத் தானே முடிவு செய்தார். ஒரு நாள் கரைப் பக்கம் பார்த்து, “நான் இப்ப வர மாட்டேன்!” என்று கத்தியும் பார்த்தார். தேவபிரசாதம் அளவுகோலைக் கீழே போட்டுவிட்டார்.

ஒன்பதாம் நாள்தான் அவருக்குச் சோதனை வந்தது. வலைக்கூட்டில் முப்பது விளமீன். முப்பதும் வளனையே பார்த்தன. தேவபிரசாதமோ அலை தாங்காமல் மறுபக்கம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று மீன் சத்தமில்லாமல் சாக்குக்குள் போயின.

சமைக்க இடமும் ரெடி. அவர் தங்கை ஹில்டா வீடு துறைமுகத்துக்குப் பக்கம். ஒரு ஞானஸ்நான விருந்தில் நாற்காலிச் சண்டை போட்டதிலிருந்து ஹில்டாவுக்கும் அமலோற்பவத்துக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. இதைவிடப் பத்திரமான அடுப்பு தூத்துக்குடியில் ஏது?

மறுநாள் அதிகாரி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“மூணு குறையுதே, அண்ணாச்சி?”

“செத்து மெதந்துச்சு சார். தூக்கிப் போட்டுட்டேன்.”

“அடடா!” நோட்டில் சாவு மூன்று என்று எழுதினார். அதற்கடுத்த நாள் இரண்டு எழுதினார். ஆறே நாளில் சாவு பதினொன்றாகிவிட்டது. தேவபிரசாதம் முகம் வாடிப்போனார்.

“இப்படிச் செத்தா, மீனை விட்டுப் பிரயோசனம் இல்லைன்னு ஆயிரும். திட்டத்தையே மூடிருவாங்க, அண்ணாச்சி.”

 திட்டம் மூடினால் வளன் வீட்டுக்குப் போய், நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டிவரும். செத்தாலும் அது நடக்காது. இனி ஒரு மீனையும் தொடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

மறுநாள் காலை படகுக்கு வந்தால், நடுப்பலகையில் குடையோடு அமலோற்பவம் உட்கார்ந்திருந்தாள்.

“நேத்து அக்கா ஆபீசுக்கு வந்தாங்க,” என்றார் தேவபிரசாதம் உற்சாகமாக. “தூண்டிலால மீன் சாகல சார், கையாலதான் சாகுதுன்னு சொன்னாங்க. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க!”

“கையாலயா?” வளன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“காஞ்ச கையால தொட்டா மேல உள்ள வழுவழுப்புப் போயிரும்லா சார்,” என்றாள் அமலோற்பவம், புருஷனைப் பார்த்தபடி. “அதைச் சொன்னேன்.”

அவள் புன்னைக்காயல் தூண்டில்காரர் மகள். கையை நனைத்துக்கொண்டு, வாய் கிழியாமல் தூண்டில் முள்ளை எடுத்து, பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல மீனைக் கூட்டில் விட்டாள். இரண்டு வாரத்தில் செத்தது ஒன்றே ஒன்று. அதையும் அதிகாரியிடமே காட்டிக் கொடுத்தாள். தேவபிரசாதம் மேலிடத்துக்கு எழுதினார். திட்டம் ஒரு வருடம் நீண்டது. மீன் பொறுப்பு அமலோற்பவத்துக்கு, படகோட்டி அவள் சொற்படி நடக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது.

சேதி வந்த அன்று கரை இறங்கியதும் வளன் பொங்கிவிட்டார்.

“ஆமா ஏளா! நாந்தான் தின்னேன்! பதினோரு விளமீன்! ஒனக்குத் தெரியாம, ஹில்டா வீட்டுல வச்சு, ருசிச்சு ருசிச்சுத் தின்னேன்! என்ன செஞ்சிருவ?”

அமலோற்பவம் நிதானமாகக் குடையை மடக்கினாள்.

“தலையும் வாலுந்தான நீங்க தின்னீங்க. நடுத்துண்டு பூராவும் ஹில்டா எனக்குல்லா அனுப்பிட்டா.”