விரதச் சட்டியில் ஒரு சண்டை மீன்

வீட்டுக்கு ஒருவரும் வந்து போகாவிட்டால் மனுசனுக்கு மூளை கொஞ்சம் கழன்றுவிடும். வேறு யாரையும் வைத்து இதைச் சொல்லவில்லை. என் சொந்த மூளையை வைத்துத்தான் சொல்கிறேன்.

அப்போது மெல்பேர்னுக்கு வந்து எட்டு மாதம். டண்டினொங்கில் ஓர் அறையும் குசினியும் உள்ள சின்ன யூனிட். பகலில் பெட்டி அடுக்கும் வேலை, பின்னேரம் வீடு. எட்டு மாதத்தில் கதவைத் தட்டியவர்கள் மூன்றே பேர். ஒருவர் மீட்டர் பார்க்க வந்தவர், மற்ற இருவரும் விலாசம் மாறி வந்தவர்கள். (அவர்களையும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டேன். பயந்துபோய்த் திரும்பிவிட்டார்கள்.) நாலு கதிரை வாங்கிப் போட்டிருந்தேன். மூன்றில் என் உடுப்புகள்தான் உட்கார்ந்திருந்தன.

அந்த நேரத்தில்தான் கேரம் டவுன்ஸ் கோயிலில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பரமேஸ் அன்ரியைச் சந்தித்தேன். ஊர் கேட்டார், சொன்னேன். ஆர் ஆர் இருக்கினம் என்று கேட்டார், ஒருவரும் இல்லை என்றேன். "ஐயோ தம்பி" என்றார். அந்த ஐயோவை நான் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அன்ரி, அங்கிள், பத்து வயது மகள் ஆரணி மூன்று பேரும் என் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

புரட்டாதிச் சனி விரதம் என்று அன்ரி தயங்கினார். வீட்டில் ஒரு கிழமையாக மச்ச மாமிசம் புழங்கவில்லை என்று சத்தியம் பண்ணினேன். தனி ஆம்பிளையின் சட்டி பானையில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில், கறிகளைத் தான் சமைத்துக்கொண்டு வருவதாகவும், சோற்றை மட்டும் என் வீட்டில் தன்னுடைய மரக்கறிச் சட்டியில் காய்ச்சுவதாகவும் சம்மதித்தார். (மீனும் இறைச்சியும் ஒருநாளும் படாத அந்தச் சட்டிக்கு எங்கள் சனத்தின் குசினியில் என்ன மரியாதை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.)

பிள்ளை வருகிறதே, பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டாமா? அதற்காகத்தான் மீன் தொட்டி. நாற்பது லீற்றர் கண்ணாடித் தொட்டி, ஃபில்டர், ஹீட்டர், கறுப்புச் சரளைக்கல், இரண்டு செடி. நடுவில் ஒரு நீலப் பெட்டா மீன். சில கிழமை தண்ணீரைச் சும்மா ஓடவிட்டுப் பிறகுதான் மீனை விடவேண்டும் என்று கடைப்பெண் சொன்னாள். எனக்கு இருந்ததோ ஆறு நாள். பெட்டாவுக்குத் தனியே இருக்கத்தான் விருப்பம் என்றும் சொன்னாள். நீள வால் மீன் எதையும் கூட விட்டால் அதுவும் ஒரு பெட்டா என்று நினைத்துக் கடித்துக் குதறுமாம். ஆசையென்றால் ஒரு நத்தை விடலாமாம்.

எனக்கு விசர் வந்தது. பிறந்த பிள்ளையையே தனி அறையில் படுக்கவைக்கிற நாடு, மீனுக்கு வேறென்ன சொல்லும்? தனியே இருக்க விருப்பம் என்று ஒரு சீவன் சொல்லுமா? நத்தையோடு என்னத்தைக் கதைப்பது? நாலு நாளாக அந்த மீன் இந்தக் கண்ணாடிக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடந்துகொண்டிருந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு அதற்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். ஊரில் இதற்குப் பெயரே சண்டை மீன். பெயரைக் கேட்டும் புத்தி வராதவனை என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை வேறொரு கடைக்குப் போனேன். (பழைய கடைப்பெண்ணின் முகத்தில் முழிக்க எனக்குத் துணிவு இல்லை.) மூன்று கப்பி மீன் வாங்கினேன். அதுவும் பார்த்துப் பார்த்து, வால் நீளமாக, பளபளவென்று, கல்யாண வீட்டுக்கு வெளிக்கிட்டதுபோல இருந்தவற்றையே எடுத்தேன். சனிக்கிழமை அவர்களின் கார் வாசலில் நிற்கும்போதுதான் தொட்டியில் விட்டேன். ஆரணி வரும்போது வீடு கலகலப்பாக இருக்கவேண்டுமாம்.

வந்தார்கள். வீட்டில் மனிதக் குரல் கேட்டது. அன்ரி சட்டியில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்துவிட்டு, அரிசி எடுக்கக் காருக்குப் போனார். விரதச் சோறு வைக்கக் காகம் நிற்கிறதா என்று அங்கிள் பின்வளவில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரணி தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் அப்பளம் பொரித்தபடி, இதுதான் வாழ்க்கை என்று நினைத்தேன்.

"அங்கிள், ஹீ இஸ் ஈட்டிங் ஹிம்" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள் ஆரணி, மிகவும் அமைதியாக.

ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு கப்பிக்கு வாலே இல்லை. இரண்டாவது மல்லாந்து கிடந்தது. மூன்றாவது ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. என் நண்பர், செட்டை, வாலெல்லாம் விரித்துக்கொண்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார். ஆரணி இப்போது அமைதியாக இல்லை. பிள்ளை அழத் தொடங்கியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேத்தண்ணி வடிக்கிற வடியால் பெட்டாவை அள்ளிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். கண்ணில் பட்ட முதல் தண்ணீரில் போட்டேன். துள்ளிவிடும் என்று மூடியாலும் மூடினேன். திரும்பி ஓடிவந்து, பிள்ளையைத் தேற்றிக்கொண்டு செத்த இருவரையும் அகற்றினேன்.

குசினியில் அடுப்பு பற்றவைக்கும் 'டிக் டிக்' கேட்டது. எனக்குப் பொறி தட்ட இரண்டு மூன்று நிமிடம் பிடித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அன்ரி ஒரு கையில் கழுவிய அரிசியும் மறுகையில் மூடியுமாக நின்றார். பெட்டா இளஞ்சூட்டில் முன்னைவிட உற்சாகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்ரி மூடியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை நிற்பாட்டினார்.

"தம்பி, இது என்ர மரக்கறிச் சட்டி" என்றார்.

அவ்வளவுதான். கறிகளை எனக்கே வைத்துவிட்டு மூவரும் போய்விட்டார்கள். சட்டியையும் எடுக்கவில்லை. நாலு பேருக்கான கத்தரிக்காய்ப் பால்கறியை நான் நாலு நாள் தனியே சாப்பிட்டேன். நல்ல கறி.

மூன்று கிழமையாக ஒரு போனும் இல்லை. கோயிலுக்கும் நான் போகவில்லை, வெட்கம். மிஞ்சிய கப்பியைக் கண்ணாடிப் போத்தல் ஒன்றுக்கு மாற்றிவிட்டு, பின்னேரங்களில் பெட்டாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அது மினுங்கிக்கொண்டு, செழித்து, ஒரு கவலையும் இல்லாமல் இருந்தது. கடைப்பெண் சொன்னது சரி. அந்த வீட்டில் துணை தேவைப்பட்டவன் நான் ஒருவன்தான் என்று விளங்கியபோது எனக்கு அழுகையே வந்தது.

நாலாம் கிழமை அன்ரி போன் எடுத்தார். ஒளிந்திருந்த மீன் உயிரோடு இருக்கிறதா என்று மகள் ஒவ்வொரு நாளும் கேட்டு உயிரை வாங்குகிறாளாம்.

"ஞாயிற்றுக்கிழமை வாறம் தம்பி. நீர் ஒண்டும் சமைக்க வேண்டாம். தண்ணியும் கொதிக்க வைக்க வேண்டாம்" என்றார்.

இது நடந்து ஆறு வருடம். இப்போது அவர்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அன்ரி என்னைக் காட்டி, "என்ர விரதத்துக்கு மீன் அவிச்சவர் இவர்தான்" என்று கதையைத் தொடங்குவார். முதல் வருடம் கதையில் இரண்டு கப்பி செத்தன. போன தீபாவளிக்கு அது ஒன்பதாகிவிட்டது. தண்ணீரும் இப்போதெல்லாம் தளதளவென்று கொதிக்கிறது. அங்கிள் சட்டியைத் தட்டிவிட்டு மீனைக் காப்பாற்றியதாகவும் ஒரு புதுக் காட்சி வந்திருக்கிறது. (மனுசன் அப்போது காகம் தேடிக்கொண்டு நின்றார்.)

நான் எதையும் திருத்துவதில்லை. ஆரணி "அது மட்டுமா?" என்று கேட்டால், நானே இன்னும் இரண்டு மீனைச் சாகடித்துவிடுவேன். கதை முடிந்தால் எல்லாரும் எழும்பி, செருப்பைத் தேடி, அவரவர் வீட்டுக்குப் போக வெளிக்கிடுவார்கள்.