மில்லிமீட்டரார் வயர் மடக்கிய சருக்கம்

அளவுநாடாவை வாளெனச் சுழற்றும் திண்தோளன், நூலிழைப் பிழையும் பொறாத அனல்விழியன், சக ஊழியர் அஞ்சியும் நகைத்தும் 'மில்லிமீட்டர்' என விளிக்கும் மின்னிரைச்சல் வேட்டுவன் வாழி! ஏசிக் குளிரை எதிர்த்து அவன் பூண்ட முழங்கை கிழிந்த ஸ்வெட்டரெனும் கவசமும் வாழி! நாவே, தடுமாறாதே. சோதனைக்கூடத்தில் அவன் ஆறடி வயரோடு பொருத கதையைப் பகர்வாய்.

மனைவியின் அண்ணன் ஈராண்டுத் தவமிருந்து படைத்த கால்பிடிக்கும் மெஷினின் புத்தம்புது வயரே அன்றைய பகைவன். மின்சாரத்தை உண்ணும் மெஷின் எவ்வளவு மின்னிரைச்சலை அதே வயர் வழியே திருப்பி உமிழ்கிறது என்று அளக்கவேண்டும். திரையில் கிடக்கும் செங்கோடெனும் எல்லையைத் தாண்டாததே கடைக்குப் போகும். மதியத்துக்குள் தேறாவிடில் கண்காட்சியில் அண்ணன் பிடித்துவைத்த இடம் பறிபோகும். பறிபோனால் அண்ணன் முகம் வாடும். அண்ணன் முகம் வாடினால் தங்கை முகம் சிவக்கும். தங்கை முகம் சிவந்த வீட்டுக்கு மாலையில் திரும்பவேண்டியவன் நம் வீரன் ஒருவனே.

மரமேசையெனும் அரியணையில் மெஷின் ஏறியது. பின்னே மதிலென நின்ற உலோகச் சுவருக்கு நாற்பது சென்டிமீட்டர். பக்கத்தே காவற்கோட்டமென அமர்ந்த அளவீட்டுப் பெட்டிக்கு எண்பது. மண்டியிட்டான், ஒற்றைக் கண் மூடினான், எறும்பும் அறியாவண்ணம் மெஷினை நகர்த்தினான், நகர்த்தியதை அளந்தான், அளந்ததை நம்பாமல் மறுபடி அளந்தான். மிச்ச வயரோ மேசைமேல் கருநாகமெனச் சோம்பிக் கிடந்தது.

"மாப்ள, அதை வட்டமா சுத்தி ஓரமா வைங்களேன். வீட்டுல ஹோஸ் பைப்பை அப்படித்தான வைக்கிறோம்" என்றார் மச்சான்.

இடியுண்ட மலையெனச் சிலிர்த்தான் வீரன்.

"வட்டமாவா! சுத்தினா அது சுருள் மச்சான், அளவே மாறிடும். முன்னும் பின்னுமா மடிச்சுத்தான் வைக்கணும். சொந்தக்காரங்கன்னு இங்க சலுகையெல்லாம் கிடையாது!"

"சலுகை யாரு கேட்டா? வந்ததுலேர்ந்து அளந்துட்டே இருக்கீங்க. என் கல்யாணக் கோட்டுக்குக்கூட டெய்லர் இவ்ளோ அளவெடுக்கல."

மூண்டது போர். இடப்புறம் மடக்க வலப்புறம் சீறியது. வலப்புறம் அமுக்க நடுவே படமெடுத்தது. மதயானையின் துதிக்கையைத் தழுவிய பாகன்போல் வீரன் அதை மார்போடு அணைத்துப் புரள, வயர் வாலைச் சுழற்றி அவன் மூக்குக்கண்ணாடியைத் தட்டி மேசைக்கடியில் எறிந்தது. பார்வை மங்கியும் மானம் மங்காத வீரன், ஒட்டும் டேப்பைப் பல்லால் கிழித்தான். மச்சான் இரு கட்டைவிரலாலும் அழுத்தினார். விரல் சேர்த்து ஒட்டி, விரலைப் பிய்த்தெடுத்து, மீண்டும் ஒட்டி, முடிவில் அப்பகைவனைக் கட்டிப்போட்டனர் உறவினர் இருவரும்.

பின் திரையில் பச்சைக்கோடு புறப்பட்டது. செங்கோட்டின் நிழலையும் தீண்டாமல், அடக்கமே உருவாய், தரையோடு தரையாய் ஊர்ந்து மறுகரை சேர்ந்தது.

"தேறிடுச்சு மச்சான்!"

"மாப்ள, நீங்க மனுஷனே இல்ல! தங்கச்சிக்குப் போன் போடட்டுமா?"

தழுவினர், கண் பனித்தனர். வென்ற மெஷினை வாழ்த்தத் தலைமேல் கைவைத்தான் வீரன். தேர்க்காலென அதிரவேண்டியது கல்லெனக் கிடந்தது. கூடத்தின் சொந்த இரைச்சலை அறிய, மெஷினை அணைத்துவைத்து முதலில் ஓர் அளவெடுப்பது அங்கு மரபு. அந்த முதல் அளவைக் கண்டே இவ்வளவு ஆலிங்கனமும் நடந்திருந்தது.

"மச்சான், இது ஓடவே இல்லையே?"

மச்சான் கூரையைப் பார்த்தார். "மெஷின்ல லைட் எரியலதான். நீங்க ஒண்ணும் சொல்லல, நான் வேற எதுக்கு நடுவுலன்னு..."

"அப்ப போடணுமே."

"போட்டே ஆகணுமா மாப்ள?"

அக்கணத்தில் அறம் ஒரு தட்டிலும் இல்லறம் மறு தட்டிலும் ஏறி நின்றன, முள் நடுங்கியது, அளவுநாடா ஏந்திய அச்செங்கை, மனைவியின் முகத்தை ஒருமுறை நினைந்து, வானோர் வியக்க, சுவிட்சை நோக்கி நீண்டது.

மெஷின் ஃபெயில் ஆனதால் அன்று அவன் வெளியில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.