மூன்று கால் நாயைத் தாங்குகிறவர்

மனிதர்களில் தாங்குகிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வீட்டுக்கு ஒருவர், அலுவலகத்துக்கு இருவர், ஆஸ்பத்திரி வராந்தாவுக்குக் குறைந்தது ஐந்து பேர் என்ற விகிதத்தில் பரவியிருக்கிறார்கள். யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் மற்றவர்கள் முகம் வாடும். இவர் முகத்தில் மட்டும் ஒரு களை வந்துவிடும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காய்ச்சல்காரர் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கித் தானே புகட்டுவார், எழுந்தால் படுக்க வைப்பார், படுத்தால் தலையணையைச் சரிசெய்கிறேன் என்று எழுப்புவார், தூங்கினால் தூங்குகிறாரா என்று தட்டிப் பார்ப்பார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு அந்த ஆள் குளித்து வேலைக்குக் கிளம்பினால், "இன்னும் ஒரு வாரமாவது படுத்திருக்கலாம்" என்று வாசலில் நின்று நொந்துபோவார். நல்லவர்தான். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். நல்லவரை என்ன செய்வது?

இந்த இனத்தில் நான் மிக அருகிலிருந்து பார்த்தவர் என் அக்காவின் கணவர். லாரிகளை எடைபோடும் எடைமேடையில் அவருக்கு வேலை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடி, ஏறி வரும் லாரியின் டயர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். இயந்திரம் அதற்குப் பிறகுதான் சொல்லும். ஒரு மூட்டை கூடுதலாக இருந்தாலும் விடமாட்டார். "வண்டிக்கும் உசுரு இருக்குப்பா" என்று டிரைவர்களுக்குப் பாடம் எடுப்பார். இவ்வளவு கண்டிப்பும் லாரிக்குத்தான். வீட்டில் ஒரு நாய் வளர்த்தார்.

நாயின் பெயர் பட்டாணி. வந்தபோது உள்ளங்கையில் அடங்கியதால் வைத்த பெயர்; இருபது கிலோ ஆன பிறகும் யாரும் மாற்றவில்லை. அவர்கள் குடியிருப்பது முதல் மாடியில். ஒருநாள் காலை கீழே கேட் திறந்து கிடக்க, பட்டாணி தெருவுக்கு ஓட, பின்னால் எடுத்த பார்சல் வேன் ஒன்று அதன் வலது பின்னங்கால்மேல் ஏறிவிட்டது. காலைக் காப்பாற்ற வழியில்லை, எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டரம்மா சொன்னார். எடுத்தார்கள். உயிர் தங்கியது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஐந்து விஷயம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். பத்து நாளைக்கு, அது எழும்போது வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்து லேசாகத் தாங்க வேண்டும். வழுக்குகிற தரையில் மிதியடி போட வேண்டும். தையலை நக்காதபடி கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்ட வேண்டும். சாப்பாட்டைக் குறைத்து, உடம்பு போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தையல் பிரித்ததும் துண்டைத் தூர வைத்துவிட்டு நன்றாக நடக்கவிட வேண்டும். தாங்குகிறவர்களுக்குக் காது ஒரு தனி ரகம். முதல் இரண்டும் அவருக்குள் போய்க் குட்டி போட்டுப் பெருகின. கூம்பு மாட்டினால் அதற்கு மூச்சு முட்டும் என்று தானே பக்கத்தில் உட்கார்ந்து நக்கவிடாமல் காவல் காத்தார். கடைசி இரண்டும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவே இல்லை.

பத்து நாள் பத்து வாரமாயிற்று. துண்டு அவர் தோளைவிட்டு இறங்கவில்லை. பட்டாணி தலையைத் தூக்கினால் போதும், துண்டு வயிற்றுக்கடியில் போய்விடும். பேருக்குத்தான் நாய் நடந்தது. அதன் பின்பாதி தரைக்கு இரண்டு விரற்கடை மேலே சவாரி செய்தது, மாமா முதுகை வளைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். ரப்பர் மிதியடி ஏழு வாங்கினார். போதவில்லை. குளியலறை மிதியடி, மகள் உடற்பயிற்சி செய்கிற விரிப்பு, பழைய போர்வை இரண்டு எல்லாம் தரைக்கு வந்தன. நாய் ஒருமுறைகூட வழுக்கி விழவில்லை. அக்காதான் போர்வை மடிப்பில் தடுக்கி இரண்டு தடவை விழுந்தாள். "பாத்து நடக்கக் கூடாதா? அது மேல விழுந்திருந்தா என்ன ஆகுறது?" என்று கேட்டாராம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நின்று சாப்பிட்டால் காலுக்குப் பாரம் என்று படுக்கவைத்து ஊட்டினார். நாலடி நடந்த கஷ்டத்துக்கு ஒரு பிஸ்கட், நடக்காமல் படுத்திருந்த பொறுமைக்கு ஒரு பிஸ்கட், பாவமாகப் பார்த்ததற்கு இரண்டு. பாவமாகப் பார்க்க ஒரு நாய்க்கு எத்தனை நாள் பயிற்சி வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மத்தியானம் தாராளம்.

விசாரிக்க வருகிறவர்களுக்கும் விதிமுறை இருந்தது. வந்ததும் "ஐயோ பாவம்" சொல்ல வேண்டும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வேன் வந்த திசை தொடங்கித் தையல் எண்ணிக்கை வரை முழுக் கதையும் கேட்க வேண்டும். "வாயில்லா ஜீவன், சொல்லத் தெரியுமா அதுக்கு?" என்று அவர் நிறுத்தும் இடத்தில் நாக்கால் உச்சுக்கொட்ட வேண்டும். இதெல்லாம் தெரியாமல் எதிர்வீட்டுத் தையல்காரர் ஒருநாள் வந்து, நாய் வாலாட்டுவதைப் பார்த்துவிட்டு, அட, ஜம்மென்று இருக்கிறதே என்று மனதில் பட்டதைச் சொல்லிவிட்டார். அன்றோடு மாமா அவரிடம் சட்டை தைப்பதை நிறுத்திவிட்டார்.

தையல்காரர் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. ஒருநாள் அக்கா லீவு போட்டு வீட்டில் இருந்தபோது அதைக் கண்ணால் பார்த்தாள். மாமாவின் மோட்டார் பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டும் வரை பட்டாணி மிதியடியில் கண்ணை மூடிக் கிடந்ததாம். சத்தம் அடங்கியதும் எழுந்து, சோம்பல் முறித்து, திறந்திருந்த கதவு வழியாகப் படி பதினாறையும் தடதடவென்று இறங்கி, பின்சுவரில் உட்கார்ந்திருந்த பூனையை விரட்டிவிட்டு, திரும்ப ஏறி வந்து தண்ணீர் குடித்ததாம். சாயங்காலம் பைக் சத்தம் கேட்டதும் மறுபடி மிதியடி, மறுபடி முனகல். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இதை அக்கா சந்தோஷமாக மாமாவிடம் போய்ச் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு. தான் இல்லாத நேரத்தில் அது தனியாக அலைகிறதா என்று மனுஷர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். மறுநாளே மேலதிகாரியைப் பிடித்து ராத்திரி ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். இனிப் பகல் முழுக்க வீட்டில், பட்டாணிக்குப் பக்கத்தில், துண்டும் கையுமாக. தூக்கமும் அதன் பக்கத்திலேயே, ஒரு கை அதன் முதுகில். அது எழுந்தால் அவருக்கு விழிப்பு வந்துவிடும். பின்சுவர்ப் பூனை நிம்மதியாகக் காலை நீட்டித் தூங்கத் தொடங்கியது.

இப்படி மூன்று மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தபோது பட்டாணி தானாக எழப் பார்த்தது. மிஞ்சியிருந்த ஒற்றைப் பின்னங்கால் நடுங்கியது, மடங்கியது. அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. மறுபடி முயன்றது. மறுபடி உட்கார்ந்தது. இந்தத் தடவை நடிப்பில்லை என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா என்ன சொன்னார் தெரியுமா?

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல?"

குரலில் துக்கம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் துக்கத்தோடு துக்கமாகக் கொஞ்சம் வெற்றியும் இருந்தது. எனக்கு அவரை அங்கேயே ஓர் அறை விடலாம் போலிருந்தது. அக்கா புருஷனாயிற்றே என்று விட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவர் ஒருவரால் முடியவில்லை. தலைப்பக்கம் அவரும் வால்பக்கம் நானுமாகப் பிடித்து, பீரோ இறக்குவதுபோல் படியில் இறக்கினோம். டாக்டரம்மா அறையில் தரையோடு தரையாக ஒரு எடை பார்க்கும் பலகை. அதில் பட்டாணியைக் கிடத்தினோம். எண் ஓடி இருபத்தாறில் நின்றது. வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் லாரிகளை ஏற்றி இறக்கிய மனிதர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மெஷினில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றார். அவருடைய எடைமேடையில் டிரைவர்கள் தினமும் சொல்கிற வசனம்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த ஒற்றைப் பின்னங்காலை மேலிருந்து கீழ்வரை அமுக்கிப் பார்த்தார். சதை கரைந்து குச்சியாக இருந்தது. பிறகு மாமாவிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மாமா சொன்னார்.

"அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாமே. ஒரு லாரில ஒரு சக்கரத்தைக் கழட்டிட்டு, லோடை மட்டும் கூட ஏத்தி, ஓட்டாம ஷெட்லயே நிறுத்தி வச்சா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று மாமாவைவிட யாருக்குத் தெரியும்? டாக்டரம்மாவே மேலே சொன்னார். இப்போதைக்குச் சதைதான் இளைத்திருக்கிறது, மூட்டு நன்றாக இருக்கிறது. எடையைக் குறைத்து நடக்கவிட்டால் இரண்டு மாதத்தில் ஓடும். இல்லாவிட்டால் இந்த மூட்டும் போய்விடும். அதற்குப் பிறகு அது எழுந்து நிற்கவே நிற்காது, தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

"நடக்கவிட்டு, கீழ விழுந்துட்டா?" என்று மாமா மெல்லக் கேட்டார்.

"எழுந்திரிக்கும்."

பட்டாணி பலகைமேல் கிடந்தபடி மாமாவின் கையை நக்கிக்கொண்டிருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்குக் கேட்டைத் திறந்து போட்டுட்டு வந்தது நான்தான், டாக்டர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட் எப்படித் திறந்தது என்றே தெரியவில்லை என்றுதான் ஆறு மாதமாக எங்களிடம் சொல்லிவந்தார். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. இந்த ஆறு மாதத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது அப்போதுதான்.

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "சரி, தெரியாம நடந்துபோச்சு. அதுக்காக அதைப் படுக்கையிலயே போட்டு வைப்பீங்களா? அதுக்கு உங்க மேல கோவம் இல்ல. அதுக்கு நடக்கணும், அவ்வளவுதான்."

மறுநாள் காலை அக்கா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு மண் சந்து. ஒரு முனையில் பட்டாணியைப் படுக்க வைத்தோம். மாமா இருபதடி தள்ளி நின்று கூப்பிட வேண்டும். துண்டைக் கொண்டுவரக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். கட்டிக்கொண்டார். கூப்பிட்டார். பட்டாணி எழுந்தது. மூன்று தத்து தத்தியது. கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. மாமாவின் கை தானாக அவிழ்ந்தது, ஒரு கால் முன்னால் வந்துவிட்டது.

"நில்லுங்க," என்றாள் அக்கா.

அவளிடமிருந்து அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது, நின்றுவிட்டார். பட்டாணி காத்திருந்தது. அவரைப் பாவமாகப் பார்த்தது. முனகிப் பார்த்தது. அக்காவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. யாரும் வரவில்லை. மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும், எனக்கே வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு அது முன்னங்கால்களை ஊன்றி, பின்பாதியை உந்தி, ஆடி அசைந்து எழுந்தது. தத்தித் தத்தி வந்தது. மாமா குனிந்து, இரண்டு கையையும் அகல விரித்து, வா வா என்றார். பட்டாணி அவரைத் தாண்டிப் போய்விட்டது.

அவருக்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. மூன்று மாதமாக அதை யார் யார் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பட்டாணிக்கு அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தது. சுற்றிச் சுற்றி மோந்து முடித்து, தன் பங்குக்கும் ஒரு பதில் போட்டது. காலைத் தூக்குகிற சிரமம்கூட அதற்கு இப்போது மிச்சம். மாமா விரித்த கையோடு அப்படியே நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. சந்தோஷக் கண்ணீர்தானே என்று போய்த் தோளைத் தட்டினேன்.

"என்னைக் கண்டுக்கவே இல்லையே, மாப்ள," என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நம் வீட்டில் நாய் இல்லை, அதனால் இது நமக்கில்லை என்ற நிம்மதியும் உங்களுக்கு இருக்கும். இந்த இனத்துக்கு நாய்தான் வேண்டும் என்று யார் சொன்னது? பத்து வயது மகள் இருந்தால் போதும், குனிந்து அவள் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுவிடலாம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா இருந்தால் போதும், அவர் தெருவைக் கடக்கும்போது முழங்கையைப் பிடித்து இழுக்கலாம். அலுவலகத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது, உங்களுக்கேன் கஷ்டம் என்று அவர் வேலையையும் வாங்கிச் செய்துவிட்டு, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லலாம். அவர்களில் யாராவது என்றைக்காவது "விடுங்க, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லியிருப்பார்களே, அப்போது உங்கள் மனதில் முதலில் வந்தது என்ன? சந்தோஷமா? சத்தியமாகவா?

பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தை இப்போது நீங்கள் உங்களுக்காகத்தான் படிக்கிறீர்களா, அல்லது கண் நன்றாகத் தெரிகிற ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாவம் அவருக்கேன் சிரமம் என்று வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.