கெட்டிமேளத்தில் நான் எழுந்து ஓடிய காரணம்

முருகன் துணை

நாயுடுபுரம், கொடைக்கானல்
பிலவ வருஷம், மாசி மாதம்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய சண்முகவள்ளி மதினி அவர்களுக்கு, நாத்தனார் சிவபாக்கியம் வணங்கி எழுதுவது. பழனியாண்டவர் தயவில் இங்கே குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை. அங்கே வெயிலைத் தவிர ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன்.

மதினி, ஆவணியில் நம் சண்முகசுந்தரி கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் மணவறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது. மணையில் பெண்ணும் மாப்பிள்ளை ஞானவேலும். பெண்ணுக்குப் பின்னால் கந்தவேல் அண்ணனும் நீங்களும். மாப்பிள்ளைக்குப் பின்னால் அவருடைய பெரியப்பா சேனாதிபதி, தூங்கிக்கொண்டு. உங்களுக்கு இடப்பக்கம் நான், நீங்கள் எடுத்துக்கொடுத்த மயில்கழுத்துப் பட்டில். என் வீட்டுக்காரர் மட்டும் இல்லை. அவர் பந்தியில் முதல் இலைக்கு இடம் பிடிக்கப் போயிருந்தார்.

அத்தைக்காரி சேலை பிடிக்காமல் கெட்டிமேளத்தில் எழுந்து போனாள், கை நனைக்காமல் கொடைக்கானல் பஸ் ஏறிவிட்டாள் என்று ஊர் பேசுவதாக எழுதியிருந்தீர்கள். ஊர் பேசிவிட்டுப் போகட்டும். அதற்கு அடுத்த வரியில், “நீயும் என்னை விட்டுப் போறியா சிவபாக்கியம்?” என்று கேட்டிருந்தீர்களே, அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் வெட்கத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு எழுதுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் மட்டும் வாசிக்கவும்.

நான் கோபித்துக்கொண்டு ஓடவில்லை மதினி. நனைந்துபோய் ஓடினேன். சேனாதிபதி பெரியப்பா தூக்கத்தில் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டாரே, அதே நேரத்தில் அட்சதை விழுந்து ஒரு பிடி அரிசி நேரே உள்ளே போனதே, அவரும் கண்ணைத் திறக்காமலே மென்றாரே, அதுவரைக்கும் நான் சிரிப்பை அடக்கிவிட்டேன். ஆனால் நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? நீங்கள் கல்யாணமாகி வந்த புதுசில் நாம் இரண்டு பேரும் பழனி மலையேறினோமே, மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒருவர் தலையைக் குரங்கு ஒன்று தடவிப் பார்த்துவிட்டுக் கையை முகர்ந்ததே, அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தீர்கள். படியிலேயே உட்கார்ந்து நாம் சிரித்த சிரிப்பில் அம்மா, “பொம்பளைப் பிள்ளைகளா, கழுதைகளா? சாமி பார்க்க வந்தீகளா, குரங்கு பார்க்க வந்தீகளா?” என்று கத்தினார்கள். என்ன நாள் அது! அன்றைக்குச் சிரித்தால் கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

நாலு பிள்ளை பெற்றேன். மலைக்குளிருக்கு நெய்யும் உருளைக்கிழங்குமாகச் சாப்பிட்டு உடம்பும் பெருத்துவிட்டது. பூண்டு மண்டித் தராசில் ஒருநாள் என்னை விளையாட்டாக ஏறச் சொன்னார் என் வீட்டுக்காரர். எதிர்த்தட்டில் ஒரு மூட்டை வைத்தார், போதவில்லை, பேச்சை மாற்றிவிட்டார். இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சேலை நனைந்துவிடும். இந்த ஈரத்தோடு முருகன் முன்னால் எப்படி நிற்பது? கோயிலுக்குப் போவதையே விட்டேன். குறிஞ்சி ஆண்டவர் கோயில் மேட்டிலிருந்து பார்த்தால், மேகம் விலகும்போது கீழே பழனி மலை தெரியும். மதிலுக்கு வெளியே நின்று அதை மட்டும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் இங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் போனேன். “இத்தனை வருடமாக ஏன் வரவில்லை அம்மா?” என்று நம் தமிழிலேயே கேட்டார்கள். “இதெல்லாம் வியாதின்னு யாருங்க சொன்னா? வயசுன்னுல்ல நெனச்சேன்” என்றேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்கள். அடிவயிற்றுக்குக் கீழே தூளி மாதிரி ஒரு தசை இருக்கிறதாம். பிரசவத்தாலும் உடம்புக் கனத்தாலும் அது நாடாக் கட்டில் போலத் தொய்ந்துவிடுமாம். மூத்திரத்தை அடக்குவதுபோல அதை உள்ளே இறுக்கி, ஆறு எண்ணி, பிறகு விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. வயிற்றை எக்கக் கூடாது. தினமும் நடக்க வேண்டும், நெய்யைக் குறைக்க வேண்டும். கொஞ்சம் எடை குறைந்தாலே தூளிக்குப் பாரம் குறையுமாம். நான் அங்கேயே இறுக்கிக் காட்டினேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, பயிற்சி புருவத்துக்கு இல்லை” என்றார்கள். வீட்டில் பூண்டு பொறுக்கிக்கொண்டே செய்தால் என் வீட்டுக்காரர், “என்ன புள்ள, பல்லு வலிக்குதா?” என்கிறார்.

ஆறு எண்ணச் சொன்னார்களா, ஆறு என்றதும் எனக்கு வேறென்ன தோன்றும்? ச, ர, வ, ண, ப, வ என்று இறுக்கிப் பிடிப்பேன். விடும்போது அரோகரா. பயிற்சிக்குப் பயிற்சி, புண்ணியத்துக்குப் புண்ணியம். தை பிறப்பதற்குள் குடம் தூக்கினாலும் நனையவில்லை, இருமினாலும் நனையவில்லை. பெருமை பிடிபடவில்லை எனக்கு. பூசத்தன்று தலை முழுகி, பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளோடு குறிஞ்சி ஆண்டவர் சந்நிதிக்குள்ளேயே போய் நின்றேன். மேல்மலைக் காவடி வந்தது. கூட்டம் முழுக்க ஒரே குரலில் “அரோகரா!” என்றது. மதினி, பழக்கின மாடு மாதிரி என் உடம்பு சொன்ன சொல் கேட்டு விட்டுவிட்டது! இறுக்கினேன். மறுபடியும் அரோகரா என்றார்கள். மறுபடியும் விட்டது. அன்றைக்குப் பக்தியில்லாத ஒருத்தர்கூடவா கோயிலுக்கு வரவில்லை? “என்னக்கா, இன்னிக்குத்தான் வெளிய தலை காட்டினீங்க, தீவாராதனை கூடப் பாக்காம ஓடுறீங்க?” என்கிறாள் கருப்பம்மாள். “அடுப்புல பால் கெடக்குடி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டாக்டரம்மா இதைக் கேட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தூளி பலமாகிவிட்டது, சொல்லைத்தான் மாற்ற வேண்டும்” என்றார்கள். இப்போது அரோகரா என்றால் இறுக்குகிறேன். சரவணபவ முடியும்வரை பிடிக்கிறேன். விடும்போது ‘பூண்டு’ என்று சொல்லிக்கொள்கிறேன். சந்நிதியில் யாரும் பூண்டு விற்கப் போவதில்லை. முழுக்கக் குணம் என்று பொய் சொல்ல மாட்டேன், தும்மலுக்கு இன்னும் பயம்தான், மடித்த துணி ஒன்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் போன வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டத்தோடு நின்றேன், அரோகராவும் கேட்டேன். சேலை காய்ந்தே இருந்தது. அழுதுவிட்டேன் மதினி. தண்ணீர் பழையபடி கண்ணில் வந்தது.

முழங்கால் வலியால் நீங்கள் மலையேறி இரண்டு வருஷமாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று மணவறையில் சிரிப்பை அடக்க நீங்கள் காலைப் பின்னிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். முழங்கால் வலிக்கு யாரும் அப்படி நிற்பதில்லை. பங்குனி உத்திரத்துக்கு வருகிறேன். தூளி விஷயத்தை நேரில் சொல்லித் தருகிறேன். படிக்குப் படி உட்கார்ந்தாவது நாம் இரண்டு பேரும் ஏறுவோம். குரங்கு இருந்தால் பார்ப்போம்.

அண்ணனுக்கு என் நமஸ்காரம். சண்முகசுந்தரி மஞ்சள் குங்குமத்தோடு நூறு வருஷம் இருக்கட்டும். இந்தக் காகிதத்தை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். அண்ணன் கண்ணில் மட்டும் பட வேண்டாம்.

இப்படிக்கு,
சிவபாக்கியம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது என் வீட்டுக்காரர் பழனி மண்டியிலிருந்து வந்தார். “விசயம் தெரியுமா? போன வாரம் மச்சான் கடைக்குள்ள வந்த குரங்கு ஒன் மதினி கண்ணாடியப் பிடுங்கிட்டுப் போயிருச்சாம். இப்ப கடுதாசியெல்லாம் மச்சான்தான் கடையில வச்சுச் சத்தமா வாசிச்சுச் சொல்றாரு” என்கிறார். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று எடுத்தேன். இந்தத் தைரியம் இன்னொரு தடவை வராது. ஆகவே அண்ணா, வாசித்தது வாசித்ததாகவே இருக்கட்டும். இப்போது கடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். மதினி சிரித்துக்கொண்டே அவசரமாக எழுந்து உள்ளே போனால், எங்கே என்று கேட்காதீங்க. திரும்பி வந்ததும், உத்திரத்துக்கு என்னோடு மலையேற வருகிறார்களா என்று மட்டும் கேட்டு, வெரசாப் பதில் எழுதுங்க.