வீடு வாங்க வந்த வில்லன்

கோபத்தில் எத்தனையோ முட்டாள்தனங்கள் செய்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை மட்டும் நாற்பது பேர் டிக்கெட் எடுத்துப் பார்த்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தேன். கூட வேலை செய்த நோரா அயர்லாந்துக்காரி. கில்பர்னில் ஒரு பப்பின் மாடியில் அவளுடைய ஆட்கள் நாடகம் போடுவார்கள். அந்த வருட நாடகம், அவர்களின் நாட்டுக்குள் புதிதாக வந்து கொட்டிய பணத்தைப் பற்றியது. கம்ப்யூட்டர் தொழிற்சாலை கட்டுவதற்காக ஒரு வெளிநாட்டு முதலாளி வயதான தாயொருத்தியின் வீட்டை வாங்கி அவளைத் துரத்துகிறான். தாய், நோரா. முதலாளி வேஷத்துக்கு ஒரு வெளிநாட்டான் தேவை என்று நோரா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

இயக்குநர் டெர்மட் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் முகத்தில் இரக்கமே இல்லை. அருமை!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அப்போது ஆமி முகாம் போட்டிருந்தது. அம்மா சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அகதியாகப் படுத்திருந்தார். (எனக்கு வீடு பறிக்கிற வேஷமாம்!) இதைச் சொன்னதும் டெர்மட்டின் கண்கள் மின்னின. "அந்தக் கோபத்தை அப்படியே வைத்துக்கொள். மேடையில் உதவும்."

உதவியது.

முதல் நாள். முன்வரிசையில் என் மனைவி. மேடையில் நோரா கதிரையில் உட்கார்ந்து அதன் கையைக் கட்டிப்பிடித்து விம்மினாள். நான் கோட்டும் தொப்பியுமாக நுழைந்தேன். எனக்கு ஒரே வசனம்: "நாளைக் காலைக்குள் வெளியேறு." வாயைத் திறந்தேன். வந்தது தமிழ்.

"நீங்கள் இருங்கோ அம்மா. எனக்கு இந்த வீடு வேண்டாம்."

பிறகு எல்லோருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலும் சொன்னேன்.

"துரத்தடா என்னை!" என்று நோரா பல்லைக் கடித்தாள். திரைக்குப் பின்னாலிருந்து டெர்மட் என் வசனத்தை உரக்கச் சொன்னார். "நீயே வந்து துரத்து!" என்று நான் கத்தினேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அது சோக நாடகம். அடுத்த காட்சியில் அந்த வீடு இடிபட வேண்டும். வேறு வழியில்லாமல் நோரா தானே எழும்பி, "சரி, நானே போகிறேன்" என்று வெளியேறினாள்.

டெர்மட் திட்டியது எனக்கு உறைக்கவில்லை. நோராதான் படியிறங்கும்போது பிடித்துக்கொண்டாள். "ஊரில் எங்கள் வீட்டைத் தம்பி விற்றபோது நான் இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது அழ முடியவில்லை. இன்றைக்கு அழலாமென்று வந்தேன். அதையும் கெடுத்துவிட்டாயே!"

முதலாளியின் தொப்பியைக் கழற்றினேன். கோபம் மட்டும் இருந்தது, யார் மீதென்று தெரியாமல்.

சில வருடங்கள் கழித்து ரெய்னர்ஸ் லேனில் வீடு பார்க்கப் போனோம். விற்க வந்த கிழவி குசினிக்குள் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்தாள். மனைவி என் கையை நசுக்கினாள்.

"இஞ்சருங்கோ, வாயைத் திறக்காதேங்கோ. எங்களுக்கு இந்த வீடு வேணும்!"

வாங்கினோம். இன்றைக்கும் விருந்தாளிகள் வந்தால் என் மகள் கதவைத் திறந்து சொல்வது இதுதான்: "வாங்கோ, வீடு பிடிச்சிருக்கோ? அப்பாட்டைக் கேளுங்கோ, தந்திடுவார்."